கறுக்காத பட்டை

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயை நான் தொடவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள், மேடம். எனக்கு டீ ஆறித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க ஆவிக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சூடு என்பது வேலையோடு போய்விட வேண்டும்; வாய்க்கும் அதையே கொடுக்க மனசு வராது. மேலே ஆடை படிந்த பிறகு ஊதித் தள்ளிவிட்டுக் குடிப்பேன்.

பேசச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் முன்னுக்குப் பின் குழறுவேன். எழுத்து எனக்கு வயசான பிறகு வந்தது. அதனால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க முடிகிறது. எங்காவது தப்பு இருந்தால் அது என் கையின் தப்பு. கற்றுக் கொடுத்தவள் சரியாகத்தான் கற்றுக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறையை ஒட்டினாற்போல், ஒரு ஜன்னல் மட்டும் இருக்கிற அறையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கட்டுத்துணியையும் கருவியையும் ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவ் மெஷினை நான்தான் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் மூட்டை தூக்கினேன், செங்கல் சுமந்தேன். முதுகு இனிமேல் முடியாது என்று சொன்ன பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். வார்டு பையன்கள் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோரும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பேர் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

என் வேலை இதுதான். புண்ணுக்குக் கட்டுப் போடத் தேவையானதெல்லாம் ஒரு துணிப் பொட்டலத்தில் இருக்கும்: காஸ் துணி, பஞ்சு உருண்டை, இரண்டு கிடுக்கி, ஒரு சின்னக் கிண்ணம். பொட்டலத்தின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். மெஷினுக்குள் சூடு பட்டால் அந்தக் கோடுகள் கறுத்துவிடும். பொட்டலத்துக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வைப்போம். துணிக்குள்ளே வரைக்கும் ஆவி போய் வெந்தால்தான் அது கறுக்கும். டேப் வெளியே இருப்பதைச் சொல்லும், பட்டை உள்ளே இருப்பதைச் சொல்லும். வெகு நாள் வரைக்கும் எனக்கு இந்த வித்தியாசமே தெரியாது. டேப் கறுத்ததா, எடுத்து அடுக்கு, அவ்வளவுதான். வித்தியாசத்தைச் சொன்னவள் என் தங்கை.

அவளைக் குட்டி என்று கூப்பிடுவேன். அம்மா போகும்போது அவள் நடக்கக்கூடப் பழகவில்லை. எனக்கு மீசை முளைத்திருந்தது. செங்கல் சூளைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் படுக்க வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொன்னவர்களுக்கெல்லாம், ஏற்கனவே ஒருத்தி தலை வாரிவிடச் சொல்லி உயிரை எடுக்கிறாள், இன்னொருத்தி வேறா என்று சொல்வேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நர்சிங் படிப்பில் அவளைச் சேர்த்ததும் நான்தான். முதல் வருஷம் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. எங்கள் அறையிலிருந்துதான் போய் வந்தாள். சாயங்காலம் வந்ததும் என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். என் கைதான் அவளுக்கு நோயாளி. இல்லாத புண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைப்பாள். ஒரு தடவை துடைத்த பஞ்சைத் தூரப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். வாய் சும்மா இருக்காது. பாடத்தைச் சொல்லிக்கொண்டே செய்வாள்.

"எரியுதாண்ணே?"

"இல்லாத புண்ணு எப்படிடி எரியும்?"

"எரியுதுன்னு சொல்லேன். நான் அதுக்கு ஒரு பதில் படிச்சு வச்சிருக்கேன்."

"சரி, எரியுது."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க, இப்ப முடிஞ்சிரும். எப்படி? டீச்சரம்மா மாதிரியே இருக்கா?"

"டீச்சரம்மாவுக்கு மூக்கு ஒழுகாது."

அப்படிப் போகும் பேச்சு. பாடம் முடிந்ததும் என் முறை. பொட்டலங்களின் மேல் எழுதியிருப்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி வந்து படிக்கச் சொல்வாள். வார்டு. கட்டில். கட்டு. காயம். 'ய'வுக்கு வாலை எந்தப் பக்கம் வளைப்பது என்பதில் என்னோடு சண்டையே போட்டிருக்கிறாள். நான் எழுதக் கற்ற பிறகுதான், அதுவரை நர்ஸம்மா எழுதிக்கொண்டிருந்த டேப்பை நானே எழுதலாம் என்று விட்டார்கள். எந்தப் பொட்டலம் எந்தக் கட்டிலுக்கு என்பதை என் கையால் எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். அந்த நாளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

டேப்பைப் பற்றியும் பட்டையைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். "அண்ணே, டேப்பு கறுத்துட்டா பாதிப் பேரு பொட்டலத்தப் பிரிச்சு நேரா புண்ணுல வச்சிர்றாங்க. தப்பு. உள்ள பட்டையப் பாக்கணும். அது கறுக்கலேன்னா அந்தப் பொட்டலத்தத் தொடவே கூடாது. பரீட்சையில இதக் கேப்பாங்க." நான் தலையாட்டினேன். நல்ல மாணவனாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் வருஷம் விடுதிக்குப் போனாள். மாணவிகள் எல்லோரையும் வார்டில் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இவளையும். நான் தள்ளுவண்டியில் பொட்டலம் கொண்டு போகும்போது எதிரே வருவாள். தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போவாள். வேலை நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

கடைசி வருஷம், பரீட்சைக்குச் சில வாரம் முன்னால், மெஷின் கதவைத் திறக்கும்போது என் முன்கையில் ஆவி அடித்துவிட்டது. தோல் உரிந்துவிட்டது. கட்டுப் போடுகிற அறைக்குப் போனேன். குட்டியும், கண்ணாடி போட்ட இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரப் பெண்தான் முதலில் பேசினாள்.

"என்னண்ணே, மெஷின் கடிச்சிருச்சா?" என்றாள். பிறகு குட்டியைப் பார்த்து, "ஏய், இவரு உன்னைப் பாக்க விடுதி வாசல்ல நிப்பாருல்ல? யாரு உனக்கு?" என்று கேட்டாள்.

குட்டி கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்க தெருவுல இருக்காரு. ஆட்டோக்ளேவ் ரூம்ல வேலை பாக்குறவரு."

பிறகு என் கையை எடுத்தாள். மடியில் வைக்கவில்லை, தட்டின் மேல் வைத்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். பஞ்சைத் தூரப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது.

"எரியுதுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரப் பெண்கூட என்னை அண்ணே என்றாள், மேடம். அந்த ஆஸ்பத்திரியில் அண்ணே என்று கூப்பிடாத ஒரே ஆள் அன்று என் தங்கைதான்.

"இல்லம்மா" என்றேன். நல்லாவே எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வந்தாள். காரணம் சொன்னாள். சொந்தக்காரர் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் கடைசிப் பரீட்சை கொடுக்க விடமாட்டார்களாம். வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். "தெரிஞ்சா என்னை எங்கயோ தூக்கிப் போட்டுருவாங்கண்ணே. உன்ன விட்டுட்டு நான் எங்க போறது? பரீட்சை முடியிற வரைக்கும்தான்" என்றாள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான், விசாரித்தேன். நான் "சரிம்மா" என்றேன். என் கையைப் பார்த்துக் கட்டைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பொய் சொல்ல வேண்டி வந்தால் வாய் கொஞ்சமாவது தடுமாற வேண்டாமா? அவள் தடுமாறவில்லை. வெகு நாளாகச் சொல்லிப் பழகினவள் மாதிரி வழவழவென்று வந்தது. விதிக்காக நாக்கு ஐயா என்று சொல்லலாம். கை எதற்காகச் சொல்ல வேண்டும்? என் கையை அவள் தட்டின் மேல் வைத்ததை எந்த விதி சொல்லிக் கொடுத்தது? இதையெல்லாம் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் படித்து வைத்திருப்பாள் என்று தோன்றியது.

நான் கோபக்காரன் இல்லை. வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் நினைத்தது சின்ன விஷயம். அவள் ஒரு தடவை தோற்க வேண்டும். தோற்றால் வீட்டுக்கு வருவாள். வந்து பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். நான், போகட்டும் குட்டி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

பரீட்சைக்கு ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். ஒரு வாரம் அந்த நோயாளியின் புண்ணை அவளே பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் டீச்சரம்மா வந்து புண் எப்படி ஆறியிருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவார். குட்டிக்குக் கிடைத்தவர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையல்காரம்மா. வயிற்றில் ஆபரேஷன். நல்ல பேச்சுக்காரர். தையலைப் பற்றி டாக்டரிடமே குறை சொன்னவர். "நான் போட்டிருந்தா இன்னும் நேரா போட்டிருப்பேன் டாக்டர். இது என்ன, சாக்கு மூட்டை தைக்கிற மாதிரி." டாக்டரும் சிரித்துவிட்டார்.

அந்தக் கட்டிலுக்குப் போகும் பொட்டலத்தை மட்டும் நான் மெஷினுக்குள் வைக்கவில்லை. தனி டேப்பை மற்றப் பொட்டலங்களோடு உள்ளே விட்டுக் கறுக்க வைத்தேன். அதை எடுத்து இதன் மேல் ஒட்டினேன். கட்டில் எண்ணை அழகாக எழுதினேன்.

உள்ளே இருந்த பட்டையை மாற்றவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதையும் கறுக்க வைத்திருக்கலாம், ஒன்றும் கஷ்டமில்லை. வேண்டுமென்றேதான் வெள்ளையாக விட்டேன். பாடத்தை ஞாபகம் வைத்திருந்தால் அவள் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிடுவாள். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. என் மேல் புகார் வரும், வேலை போகும், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு வழி திறந்துதான் வைத்திருந்தேன். அநியாயமாக எதுவும் செய்யவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நானே பொட்டலத்தைக் கொண்டு போனேன். குட்டி திரைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா என்னைப் பார்த்து, "தம்பி, இந்தப் பொண்ணு கையப் பாருங்க. ஊசில நூல் கோக்குற கை. இவ என் கடைக்கு வந்தா நான் மாடி வீடு கட்டிருவேன்" என்றார். "உங்களுக்குத் தெரியுமா இவள?"

"எங்க தெருவுல இருக்குற பொண்ணுதாம்மா" என்றேன்.

திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

நான் வாசலில் தள்ளுவண்டியைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். குட்டி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கிடுக்கியால் பட்டையை எடுத்தாள். எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இப்போது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அவள் லேசாகச் சிரித்தாள். பட்டையைத் தட்டில் போட்டாள். காஸை எடுத்தாள்.

சரி, என்னை மறந்தவள் பாடத்தையும் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். மனசு லேசானது போலத்தான் இருந்தது.

இரண்டு நாள் ஆகியும் புண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கை அவ்வளவு சுத்தம். உப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவி, மெஷினுக்குள் போகாத துணியைக்கூட அவள் நல்ல துணியாக்கிவிட்டாள். டீச்சரம்மா அந்தப் பக்கம் வந்தவர், புண் நன்றாக ஆறுகிறது என்று மற்ற மாணவிகளைக் கூட்டி வந்து காட்டினார். அவர்கள் எல்லோரும் குட்டியைச் சுற்றி நின்றார்கள்.

மூன்றாவது பொட்டலத்தைக் கட்டுவதற்கு முன்னால், பழைய கட்டுகளை ஊறப்போடும் வாளியில் காஸை நனைத்து எடுத்துக் காய வைத்தேன். காய்ந்த பிறகு கறை தெரியவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

புண்ணின் ஓரம் சிவந்தது. பிறகு சூடு. பிறகு நாற்றம். அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே எல்லாம் வந்தது. குட்டி ஓடி ஓடி டாக்டரைக் கூப்பிட்டாள். காலையில் போட்ட கட்டைச் சாயங்காலம் பிரித்து மறுபடி போட்டாள். புண் கெட்டால் கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது பாடம். அதனால் என் ஜன்னலுக்கு வந்து, "இன்னும் ரெண்டு பொட்டலம் குடுங்க, நீங்களே மெஷின்ல போட்டதாக் குடுங்க" என்று கேட்டாள். கண் சிவந்திருந்தது. கொடுத்தேன். அப்போது நிறுத்தியிருக்கலாம். நல்ல பொட்டலம் ஒன்று அலமாரியில் இருந்தது. கை அதன் பக்கம் போனதும் உண்டு. ஆனால் ஜன்னலில் யாருமே இல்லை, மேடம். அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். அப்போதாவது அண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம்.

தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி ரத்தம் வரைக்கும் விஷம் பரவிவிட்டது என்றார்கள். ஏழாம் நாள் காலை போய்விட்டார். அவர் மகள் வந்து, அம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வார்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது தலையணைக்கு அடியில் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிண்ணே" என்றாள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். காயத்தைக் கையாள்வதில் மாணவிகளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டும் என்று எல்லோரையும் பெரிய வகுப்பறைக்குக் கூட்டினீர்கள். நாற்காலி போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டுவிட்டுப் பின்சுவரோரம் நின்றுகொண்டேன்.

நீங்கள் கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள்தான். கண்ணாடிக்காரப் பெண் ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொருத்தி சீழுக்கும் நிணநீருக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்தாள். டேப் கறுத்தால் போதும் என்று கையைத் தூக்கினவர்கள் பாதிப் பேருக்கு மேல். நீங்கள் டீச்சரம்மாவைப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்தே போனார். அறிவுக் குறைவுதான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டது உங்கள் முகத்திலேயே தெரிந்தது.

கடைசியாகக் குட்டியை எழுப்பினீர்கள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நானும் உள்ளுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில்கூட எங்கள் இரண்டு பேருக்கும் பிசகவில்லை.

"டேப் எதைச் சொல்லும்?" என்றீர்கள்.

"வெளிய மட்டும்தான் மேடம். உள்ள பட்டையப் பாக்கணும்."

"நீ பார்த்தியா?"

"பாத்தேன்."

"கறுத்திருந்ததா?"

"இல்ல மேடம்."

"ஒரு நாளா?"

"ஒரு நாளும் கறுக்கல மேடம்."

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். "இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்கே. அப்புறம் எப்படி அந்தத் துணிய ஒரு மனுஷி வயித்துல வச்ச?"

அவளிடம் படித்து வைத்த பதில் இல்லாததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அது எங்க அண்ணன் போட்ட பொட்டலம் மேடம்" என்றாள். "பட்டைதான் பழைய சரக்கா இருக்கும்னு நெனச்சேன். எங்க அண்ணன் கைல தப்பு வராது."

"யாரு உங்க அண்ணன்?"

திரும்பிப் பின்சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். என் கையில் மிச்ச நாற்காலி ஒன்று இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இப்போதும் அவள் பட்டையில்தான் குறை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டீர்கள் என்றும், போகிற வழியில்கூட மெஷின்காரரைக் குறை சொல்லாதீர்கள் என்று டீச்சரம்மாவிடம் கெஞ்சினாள் என்றும் சொன்னார்கள். பட்டைகளைச் சோதிக்க வெளியே அனுப்பப் போகிறீர்களாம். வேண்டாம். பட்டையில் குறை இல்லை. மெஷினிலும் இல்லை, அதை நான் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். பொட்டலத்தை வேகவைக்காமல் கொடுத்தது நான். வாளித் தண்ணீரில் நனைத்தது நான். தையல்காரம்மாவைக் கொன்றது நான். இதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவளுக்கு உண்டானதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டை வெள்ளையாக இருந்தால் துணியைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொன்னவளே தொட்டாள். அது என் தப்பில் சேராது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு வகுப்பறையில் அவள் சொன்னதை உங்கள் பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டிருந்தார். தேவையில்லாததை அடித்துவிட்டுச் சுத்தமாக மறுபடி எழுதுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். எதை வேண்டுமானாலும் அடியுங்கள். அத்தனை பேர் முன்னால் அவள் எங்க அண்ணன் என்று சொன்னாளே, அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

டீ ஆறிவிட்டது. குடித்துக்கொள்கிறேன்.